இருபத்தொரு தட்டும் ஒரு செக்கும்

அத்தியாயம் 9

விடிந்தால் கல்யாணம். ஆனால் அந்தக் கல்யாணப் பெண்ணின் முகத்தை விஜயகலா இதுவரை கண்டதில்லை.

பத்து நாளைக்கு முன்பு தொலைபேசியில் வந்த ஓடர் அது. கிரிதரன் என்று பெயர் சொன்ன ஒருவர், தங்கையின் கல்யாணத்துக்கு இருபத்தொரு சீர்த்தட்டு அலங்கரித்துத் தர வேண்டும் என்றார். பெல்மதுளையில் மண்டபம். தட்டொன்றுக்கு இரண்டாயிரம், மொத்தம் நாற்பத்திரண்டாயிரம். அவர் பேரம்கூடப் பேசாமல், காசு போட அவளுடைய வங்கிக் கணக்கு இலக்கத்தை வாங்கிக்கொண்டார். தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்த மூன்று வருசத்தில், விஜயகலாவுக்கு இவ்வளவு பெரிய ஓடர் கிடைத்ததே இல்லை.

தொலகந்தைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் விஜயகலா குடும்பத்தின் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் கால் வைக்க இடமில்லை. சுவரோரமாக இருபத்தொரு தட்டுகளும் வரிசையில் இருந்தன. மயில் வடிவில் மடித்த சேலை, பட்டு றிப்பன் சுற்றிய தேங்காய், கோபுரமாக அடுக்கிய கற்கண்டு. மாமனார் சின்னத்தம்பி இரண்டு நாளாக வாசல் ஓரத்தில் பாய் விரித்துப் படுக்கிறார்.

"இன்னும் ஒரு கல்யாணம் வந்தா என்னையக் கூரையில கட்டித் தொங்க விட்டுருவ போல, புள்ள."

"இன்னைக்கு ஒரு நாள்தான் மாமா. பின்னேரம் கடைக்காம்பரா நம்ம கைக்கு வந்துரும்" என்றாள் விஜயகலா.

அதுதான் அவளுடைய கனவு. பெல்மதுளைச் சந்தியில் ஜுனைதீன் நானாவின் சின்னக் கடையறை ஒன்று காலியாக இருந்தது. ஒரு வருச வாடகை தொண்ணூறாயிரத்தை முன்பணமாகக் கொடுத்தால் கடையைப் பூட்டித் திறக்கிற திறப்பு அவளுக்கு. வியாழக்கிழமை பின்னேரம் வரைக்கும் வேறு யாருக்கும் தரமாட்டேன் என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். வங்கியில் அவள் சேர்த்து வைத்திருந்தது தொண்ணூற்றைந்தாயிரம். இன்று வியாழக்கிழமை.

விளக்கேற்றி, முருகன் படத்துக்கு முன் கண் மூடி நின்றவளை நாத்தனார் தனுஜாவின் குரல் திடுக்கிட வைத்தது.

"அண்ணி! இங்க வந்து பாருங்களேன்!"

தனுஜாவுக்கு வயது இருபத்தொன்று. வங்கியின் செயலியை அண்ணியின் போனில் போட்டுக் கொடுத்தவளும், தட்டுகளைப் படம் பிடித்து முகநூலில் போடுகிறவளும் அவள்தான்.

"உங்க கணக்குல ரெண்டு லட்சத்து முப்பதாயிரம் இருக்கு!"

விஜயகலா கையில் இருந்த கற்பூரத் தட்டை அப்படியே கீழே வைத்தாள். "நாப்பத்திரெண்டாயிரம்தானே வரணும்?"

"ஒரு லட்சத்து முப்பத்தஞ்சாயிரத்துக்கு செக் போட்டிருக்காங்க. நேத்துப் பின்னேரம்."

ஏன் இவ்வளவு என்ற கேள்வி மனதில் விழுந்த நேரமே போனும் அடித்தது. கிரிதரன்.

"அக்கா, ஒரு பெரிய பிழை நடந்துபோச்சி. லண்டன்ல இருக்கிற எங்க பெரியம்மா, மணவறைக்காரருக்குக் குடுக்க வேண்டிய தொண்ணூத்து மூவாயிரத்தையும் சேர்த்து உங்க பேருக்கே செக் எழுதிட்டாங்க. உங்க நாப்பத்திரெண்டாயிரத்த எடுத்துக்கிட்டு மிச்சத்த மட்டும் அனுப்பி விடுங்க அக்கா. மணவறைச் சாமான் ஏத்தின வேன் அவிசாவளையில நிக்கிது. டீசலுக்குக் காசு இல்ல. நம்பர் ஒண்ணு தாறேன், போன்லயே போட்டு விடுங்க."

"ஐயோ, அதுக்கென்னாங்க தம்பி. அடுத்தவங்க காசு எங்களுக்கு எதுக்கு? இப்பவே அனுப்பிருறேன்."

போனை வைத்தவள் மாமனாரைப் பார்த்தாள். "செக்குன்னு சொல்றாரு மாமா. யோசிக்க ஒண்ணும் இல்லைதானே?"

சின்னத்தம்பி சிரித்தே விட்டார். அவர் வாழ்க்கையில் செக் என்று கண்டதெல்லாம் தோட்டத்து ஒப்பீஸிலிருந்தும், வேலையை விட்டு நின்றபோது சேமலாப நிதிக்கு அரசாங்கத்திலிருந்தும் வந்தவைதான். "நோட்டுலதான் கள்ள நோட்டு இருக்கும். செக்குல ஏது கள்ளம்? தோட்டத்துத் தொரை கையெழுத்துப் போட்ட செக் என்னைக்காவது திரும்பி வந்திருக்கா? செக் வந்தா காசு வந்த மாதிரிதான் புள்ள."

அந்த லயத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும்.

விஜயகலாவின் புருசன் சுதாகரன் வெளியே தன் முச்சக்கர வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். விசயத்தைக் கேட்டதும் அவனுக்குக் காசு நினைவுக்கு வரவில்லை. வேன் சாரதிதான் நினைவுக்கு வந்தான்.

"காலையில ஆறரைக்கு அவிசாவளையில நிக்கிறான்னா, ராவெல்லாம் சாமான் ஏத்தியிருப்பான் கலா. தேத்தண்ணி கூடக் குடிச்சிருக்க மாட்டான் பாவம். மொதலாளிமாருக்கு அதெல்லாம் எங்க தெரியும்? போனக் குடு."

அவனே கிரிதரனுக்கு எடுத்தான்.

"தம்பி, நான் அக்காவோட வீட்டுக்காரர் பேசுறேன். டீசலுக்கு யோசிக்காதீங்க. அவிசாவளையில நம்ம கூட்டாளி பளீல் இருக்கான், பெற்றோல் செட்ல எண்ணெய் அடிக்கிறவன். என் பேரைச் சொன்னா டேங்க் நெறைய அடிச்சி விடுவான். வேன் எந்த இடத்துல நிக்கிது?"

கிரிதரன் அவசரமாக மறுத்தான்.

"இல்லண்ணே, உங்களுக்கு எதுக்குக் கரைச்சல். காசை அனுப்பினாப் போதும்."

"இதுல என்னாங்க கரைச்சல்? நானும் வண்டி ஓட்டுற றைவர்தான். வேன் நம்பரச் சொல்லுங்க, பளீலே தேடிப் போவான். அக்கா சோத்துப் பார்சலும் கட்டுறாங்க. பெல்மதுளைக்கு வந்ததும் சாப்பாட்டையும் மிச்சக் காசையும் வேன் றைவர் கையிலேயே குடுத்துருறோம்."

"சாப்பாடெல்லாம் வேணாம்ணே!"

"அவருக்கு வேணுமா வேணாமான்னு அவர்கிட்டக் கேட்டீங்களா?"

போன் வெட்டுப்பட்டது. மலைப்பக்கம் சிக்னல் அப்படித்தான் என்று சுதாகரன் நினைத்துக்கொண்டான். விஜயகலா சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல், ஒரு முட்டை எல்லாம் வாழையிலையில் வைத்துக் கட்டினாள். முகம் தெரியாத ஒருவனுக்கு முட்டையும் வைத்தாள். கை நிறைய வைத்தே பழகியவள் அவள்.

எட்டரை மணிக்கு இருவரும் வண்டியில் பெல்மதுளைக்கு மலை இறங்கினார்கள். றப்பர் மரங்களுக்கிடையே வெயில் துண்டு துண்டாக விழுந்துகொண்டிருந்தது. பாதி வழியில் பளீல் போனில் பேசினான்.

"டேய் மச்சான், எந்த வேன்டா? செட்டுல இருந்து பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நடந்தே பார்த்துட்டன். மணவறையும் இல்ல, மாப்பிள்ளையும் இல்ல. வெயில்ல என்னையச் சுத்த விட்டுட்டியேடா!"

"நல்லாப் பாருடா. சிங்காசனம் ஏத்தின வேன்."

"சிங்காசனம் கண்ணுல படாமப் போகுமா? நான் என்ன குருடனா?"

சுதாகரன் வண்டியை ஓரம் கட்டினான். அந்த நேரத்தில்தான் விஜயகலாவின் போனில் கிரிதரன் மறுபடி வந்தான். காலையில் இருந்த குரல் இல்லை.

"அக்கா, நீங்க கோயில் குளம்னு போற ஆள்னு நெனச்சேன். அடுத்தவன் காசக் கையில வச்சிக்கிட்டு ரெண்டு மணித்தியாலமா கத சொல்றீங்க. ஒரு பொம்பளப் புள்ளயோட கல்யாணம் நின்னுபோனா அந்தப் பாவம் யாருக்கு? ஒம்பதரைக்குள்ள காசு வரணும்."

அந்தச் சொல் அவள் நெஞ்சில் பட்டது. விஜயகலா சின்ன வயதிலிருந்து ஒரு சதம் அடுத்தவர் காசை எடுத்தவள் அல்ல. வழியில் கிடந்த ஐம்பது ரூபாயைக் கோயில் உண்டியலில் போட்டவள். அவளைப் பார்த்தா இப்படி ஒரு சொல்! கண் கலங்கிவிட்டது.

"ஏங்க, நமக்கு இந்தப் பேச்சு வேணாங்க. பேங்க்குக்குப் போவோம். அவங்க காச மொதல்ல அவங்களுக்கு அனுப்பிருவோம். பொறகுதான் எனக்குத் தண்ணியே எறங்கும்."

வேன் இல்லாதது சுதாகரனுக்குள் உறுத்தியது. அவளை வங்கி வாசலில் இறக்கிவிட்டு, "நான் மண்டபத்துப் பக்கம் போயிட்டு வாறேன்" என்று வண்டியைத் திருப்பினான்.

வங்கியில் மூன்றாவது கவுண்டரில் பிரஷாந்தினி இருந்தாள். யாழ்ப்பாணத்துப் பெண். இங்கே மாற்றலாகி வந்து எட்டு மாதம். தமிழில் பேச ஆள் கிடைத்தால் முகம் மலரும்.

"வாங்கோ அக்கா. கடைக்குக் காசு எடுக்க வந்தனீங்களோ?"

"இல்லைங்க மிஸ். தொண்ணூத்து மூவாயிரம் ஒருத்தருக்கு அவசரமா அனுப்பணும்." விஜயகலா மூச்சுவிடாமல் கதை முழுவதையும் சொல்லி முடித்தாள்.

பிரஷாந்தினியின் கை விசைப்பலகையிலிருந்து மெதுவாக விலகியது.

"அக்கா, உங்கட போனை ஒருக்கா தாங்கோ. இதிலே ரெண்டு தொகை இருக்கு, பாருங்கோ. மேலே பெரிசா இருக்கிறது மொத்த மீதி, ரெண்டு லட்சத்து முப்பதாயிரம். கீழே சின்னதா என்ன இருக்கு?"

விஜயகலா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "தொண்ணூத்தஞ்சாயிரம்."

"அதுதான் நீங்கள் எடுக்கக்கூடிய காசு. அது முழுக்க உங்கட காசு. செக் இன்னும் காசா மாறேல்லை. நேற்றுப் பின்னேரம் நேரம் கடந்து போட்டிருக்கினம். அது நல்ல செக்கோ, திரும்புற செக்கோ எண்டு நாளைக்குப் பின்னேரம்தான் தெரியும்."

"அப்ப நான் இப்ப அனுப்பினா…?"

"உங்கட சேமிப்புத்தான் போகும். செக் திரும்பினால், போட்ட மாதிரியே இந்தத் தொகையையும் கழிச்சுப் போடுவம். உங்களுக்கு மிஞ்சிறது ரெண்டாயிரம்."

விஜயகலா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கொழுந்து பறித்த விரல்களால் றிப்பன் மடித்து மடித்துச் சேர்த்த மூன்று வருசத்துக் காசு. இந்தக் கவுண்டரில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான், போயிருக்கும்.

பிரஷாந்தினி தன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நீட்டினாள். "குடியுங்கோ."

குடித்த பிறகும் விஜயகலாவின் மனம் ஆறவில்லை. "ஆனா மிஸ், அவரு உண்மையிலேயே நல்லவரா இருந்தா? செக்கும் நல்ல செக்கா இருந்தா? அவங்க காச நான் வச்சிக்கிட்ட மாதிரி ஆயிருமே."

அந்தக் கேள்வியைக் கேட்டு பிரஷாந்தினி சிரிக்கவில்லை. "அதுக்கும் ஒரு நேர்மையான வழி இருக்கு அக்கா. செக் மாறட்டும். மாறினால், மேலதிகக் காசு எந்தக் கணக்கிலே இருந்து வந்ததோ அந்தக் கணக்குக்கே வங்கி மூலமாத் திருப்பி அனுப்புவம். வேறை நம்பருக்கும் இல்லை, வேறை ஆளுக்கும் இல்லை. வந்த வழியாலேயே போகட்டும். நல்லவர் எண்டால் சந்தோசப்படுவார். இப்பவே அவரிட்டைச் சொல்லிப் பாருங்கோ."

விஜயகலா கிரிதரனுக்கு எடுத்தாள். மிகவும் அமைதியாகச் சொன்னாள்.

"தம்பி, நான் பேங்க்ல இருக்கேன். உங்க காசு பத்திரமா இருக்கு. செக் மாறின ஒடனே, பெரியம்மாவோட கணக்குக்கே பேங்க்காரங்க திருப்பி அனுப்புவாங்களாம். மிஸ் பக்கத்துலதான் இருக்காங்க, பேசுறீங்களா?"

போன் உடனே வெட்டுப்பட்டது. மறுபடி எடுத்தபோது அந்த இலக்கம் அணைக்கப்பட்டிருந்தது.

சுதாகரன் உள்ளே வந்தான். முகத்தில் பாதிக் கோபம், பாதிச் சிரிப்பு. "கலா, நாளைக்கு அந்த மண்டபத்துல கல்யாணமே இல்லையாம். காவக்கார வோச்சர் சொல்றான், காலையில ஒரு கூட்டம், பின்னேரம் கூட்டித் துடைக்கிறது, அவ்வளவுதானாம்."

"அப்ப அந்தப் பொண்ணு?"

"பொண்ணும் இல்ல, மாப்பிள்ளையும் இல்ல, பெரியம்மாவும் இல்ல. முட்டை வச்ச பார்சல் மட்டுந்தான் நெசம்."

பிரஷாந்தினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். விஜயகலாவுக்கும் அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது.

"நீங்கள் ரெண்டு பேரும் அந்தச் சாரதிக்குச் சாப்பாடு குடுக்க நினைச்சதாலே தப்பினீங்கள் அக்கா" என்றாள் பிரஷாந்தினி. "இல்லாட்டி விடியக்காலமையே போனிலே காசு போயிருக்கும். நான் என்ன செய்திருப்பன்?" பிறகு குரலைத் தாழ்த்தி, "நாளைக்குப் பொலிசிலே ஒரு முறைப்பாடும் எழுதிக் குடுப்பம். அடுத்த ஆளாவது தப்பட்டும்" என்றாள்.

பார்சல் வீணாகவில்லை. சந்தியில் லொறிக்குக் கீழே படுத்து ஸ்பிரிங் பூட்டிக்கொண்டிருந்த ஒரு சிங்களச் சாரதியிடம் சுதாகரன் அதைக் கொடுத்தான். அவர் எண்ணெய்க் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துவிட்டு, "அனே மல்லி, கொஹொமத தென கத்தே படகினி கியலா?" என்று கேட்டார். எனக்குப் பசிக்கிறதென்று உனக்கு எப்படித் தெரியும் என்பது அதன் பொருள். றைவருக்கு றைவரைத் தெரியும் என்று சுதாகரன் சிங்களத்திலேயே சொன்னான்.

மூன்று மணிக்கு ஜுனைதீன் நானா கடையறை வாசலில் காத்திருந்தார். தொண்ணூறாயிரத்தை வாங்கி, எண்ணாமலே சட்டைப் பையில் வைத்தார்.

"எண்ணிப் பாருங்க நானா."

"நீ எண்ணியிருப்பாய்தானே தங்கச்சி. அது போதும்." கதை முழுவதையும் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். "அப்ப அந்த இருபத்தொரு தட்டையும் என்ன செய்யப் போறாய்?"

விஜயகலா சேலை, கற்கண்டு, றிப்பன் எல்லாவற்றுக்கும் பதினாலாயிரம் கைக்காசு போட்டிருந்தாள்.

"இங்க கொண்டு வந்து வை" என்றார் நானா. "வெறுங்கடையத் திறந்தா யாரு எட்டிப் பார்ப்பாங்க? என் மகள் ஹிமாயாவுக்கும் ஐப்பசியில கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுக்குத் தட்டு அனுப்ப வேணும். நாளைக்கு அவளக் கூட்டிக்கொண்டு வாறன். பிடிச்சத எடுக்கட்டும். முற்பணம் கையில தருவன், செக் தர மாட்டன், பயப்படாத!"

ஆறு மணிக்குள் சுதாகரன் நான்கு முறை மலை ஏறி இறங்கினான். கடையறையின் மரப்பலகைகளில் மயில்களும் தேங்காய்களும் கற்கண்டுக் கோபுரங்களும் இடம் பிடித்தன. தெருவில் போன இரண்டு பெண்கள் நின்று பார்த்துவிட்டு விலை கேட்டார்கள். லயத்துக் காம்பராவில் பல நாளுக்குப் பிறகு தரை தெரிந்தது.

சின்னத்தம்பி நடுவில் சப்பணமிட்டு உட்கார்ந்து, அங்கும் இங்கும் பார்த்தார். "அப்ப தொரை குடுத்த செக்கும் இப்படித்தான் மாறிச்சாம்மா?"

"அதுவும் மூணு நாள் கழிச்சித்தான் மாறிச்சி" என்றான் சுதாகரன். "அதுக்குள்ள நீங்க கள்ளுத் தவறணையில கடன் சொல்லிட்டு வந்ததால ஒங்களுக்குத் தெரியல."

"போடா போக்கிலி!"

எல்லோரும் சிரித்தார்கள். தனுஜா மட்டும் சிரிக்கவில்லை. விசயத்தைக் கேட்டதிலிருந்தே அவள் முகம் சரியில்லை என்பதை விஜயகலா இப்போதுதான் கவனித்தாள்.

கடவுள் காப்பாற்றினார் என்று நினைத்து விளக்கைத் தூண்டிவிட்டபோதுதான், விஜயகலாவின் மனதில் ஒரு கணக்கு தானாக வந்து நின்றது. அவளிடம் இருந்தது தொண்ணூற்றைந்தாயிரம். அவன் கேட்டது தொண்ணூற்று மூவாயிரம். எழுபதும் கேட்கவில்லை, ஒன்றரை லட்சமும் கேட்கவில்லை. அவளிடம் எவ்வளவு இருக்கிறதென்று தெரிந்தவன் கேட்ட மாதிரி அல்லவா இருந்தது?

அந்தத் தொகை வீட்டில் நாலு பேருக்குத்தான் தெரியும்.

அவள் சோற்றைப் போட்டாள். தனுஜாவின் சோற்றுக் கோப்பையில் வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூடுதலாகவே பருப்பை ஊற்றி, அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சாப்பிடு தனு. பின்னேரத்துல இருந்து நீ ஒண்ணும் சாப்பிடல."

தனுஜாவின் கை சோற்றில் அப்படியே நின்றது. ஒரு சொட்டுக் கண்ணீர் கோப்பை விளிம்பில் விழுந்தது.

"அண்ணி… அந்தக் காசு எவ்வளவு இருக்குன்னு நான் ஒருத்தர்கிட்ட சொன்னேன். ஒங்களப் பத்திப் பெருமையாத்தான் சொன்னேன், அண்ணி. சத்தியமா."

விஜயகலா அவள் முதுகில் கை வைத்தாள்.

"சரி. மொதல்ல சாப்பிடு. அழுதுகிட்டுச் சாப்பிட்டா சோறு ஒடம்புல ஒட்டாது. பொறகு பேரச் சொல்லு."

"பேரு…" தனுஜா வாசல் பக்கம் பார்த்தாள். அங்கே சுதாகரன் வண்டி விளக்கைத் துடைத்துக்கொண்டே ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தான். "அண்ணனுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாரு, அண்ணி. அது அவரோட நல்ல கூட்டாளி."